பெரியப்பா திரும்பிய இடது பக்கம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, மட்டக்களப்பு கல்லடியில், வாவிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள எங்கள் வீட்டில், உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் கணினியில் பழைய பிரிண்டர் ஒன்றின் டிரைவர் பொதியை நிறுவ உட்கார்ந்தேன். அந்தப் பொதி தனது நூலகக் கோப்பை டவுன்லோட்ஸ் கோப்புறைக்குள்ளேயே விரித்து வைத்துவிட்டு, இயங்கும் வேளையில் மட்டும் அதை யூஎஸ்ஆர் லிப் என்ற கணினியின் பொதுக் கோப்புறையில் தேடியது. வேறிடத்தில் கிடக்கும் கோப்பைச் சுட்டிக்காட்டும் ஒரு சிம்பாலிக் லிங்க்கை அங்கே கொடுத்தால் போயிற்று என்று, டவுன்லோட்ஸில் நின்றபடியே அதற்கான எல்என் கட்டளையை அடித்தேன். அது மறுபேச்சின்றி லிங்க்கை உருவாக்கியது. டிரைவரோ, அப்படியொரு கோப்பே இல்லை என்றது.

பட்டியலிட்டுப் பார்த்தால் பெயர் சிவப்பு நிறத்தில் கண்ணெதிரே கிடக்கிறது. அழித்துவிட்டு அதே கட்டளையை 3 தடவை அடித்தேன். (நான்காவது தடவை கணினி மனம் இரங்கும் என்ற நம்பிக்கை எனக்கு எப்போதும் உண்டு.)

அந்நேரம் பார்த்துக் கல்முனையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்துகொண்டிருந்த பெரியப்பா தொலைபேசியில் அழைத்தார்.

“மனே, நீ சொன்ன மாதிரி மெயின் றோட்டால இடது பக்கம் திரும்பிற்றன். இஞ்ச வாவிதான் கிடக்கு, உன்ட வீட்டக் காணல்லியே!”

“எங்கட வீடு கடற்கரைப் பக்கம் பெரியப்பா. இடது பக்கம்தானே?”

“பாலத்தால வாறவனுக்குத்தான்டா அது இடது. நான் கல்முனையால வாறன்!”

தொலைபேசியைக் காதில் வைத்தபடியே திரையைப் பார்த்தேன். 1983இல் வெளியான 4.2 பிஎஸ்டி யுனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்திலிருந்தே சிம்பாலிக் லிங்க் என்பது முகவரி எழுதிய வெறும் துண்டுச் சீட்டுதான். என்னுடையதன் அளவு 23 பைட், அதாவது நான் எழுதிய பாதையில் இருந்த எழுத்துகளின் எண்ணிக்கை. அந்தப் பாதையை அரைகுறையாக எழுதினால், கட்டளை அடித்தவன் நின்ற இடத்திலிருந்து அல்ல, லிங்க் கிடக்கும் கோப்புறையிலிருந்தே அது வாசிக்கப்படும். முகவரி உண்மையில் இருக்கிறதா என்று எல்என் விசாரிப்பதும் இல்லை. நான் டவுன்லோட்ஸிலிருந்து வழி சொல்லியிருக்கிறேன். லிங்க் யூஎஸ்ஆர் லிப்பில் நின்றுகொண்டு இடது பக்கம் திரும்பியிருக்கிறது.

சாய்கோட்டில் தொடங்கி முழுப் பாதையையும் எழுதி அடித்தேன். சிவப்பு மாறியது, பிரிண்டர் உறுமிக்கொண்டு முதல் தாளை இழுத்தது. மகிழ்ச்சியில் அறையை விட்டு வெளியே வந்தபோது மனைவி கேட்டாள்:

“பெரியப்பா எங்க?”

அவருக்குச் சரியான வழியைச் சொல்ல மறந்தே போயிருந்தேன். அரை மணி நேரம் கழித்து, வாவிக் கரையில் வாங்கிய ஒரு கிலோ இறாலுடன் அவராகவே விசாரித்து வந்து சேர்ந்தார்.