யு/ஏ 16+ படத்துக்கு ஐந்து வயதுக் குழந்தையா?

போன வாரம் தியேட்டரில் எங்களுக்கு முன்வரிசையில் ஒரு சிறுமி. ஐந்து வயதுகூட இருக்காது. திரையில் கத்திக்குத்து தொடங்கியதும் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு அப்பாவின் தோளில் முகம் புதைத்துவிட்டாள். படம் யு/ஏ 16+. எனக்கு மனசே ஆறவில்லை.

பழைய யு/ஏ சான்றிதழை 2024-இல் 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். நல்ல மாற்றம். ஆனால் ‘ஏ’ படத்துக்குத்தான் 18 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. யு/ஏ படத்துக்கு முடிவு பெற்றோர் கையில். வாசலில் யாரும் தடுக்க மாட்டார்கள். டிக்கெட் எடுக்கும்போதே அந்த எண்ணைப் பாருங்கள், தயவுசெய்து.

வீடியோ கேமில் இன்னும் கவனம் வேண்டும். பிளே ஸ்டோரில் தெரியும் வயது எண், கேமை உருவாக்கியவர்கள் ஒரு கேள்விப்பட்டியலுக்குத் தரும் பதில்களை வைத்து வருவது. ரத்தம், ஆபாசம், சூதாட்டம் எல்லாம் அதில் கணக்கு. விளையாட்டுக்கு நடுவே முன்பின் தெரியாத ஒருவர் பிள்ளையிடம் மைக்கில் என்ன பேசுவார் என்பதை எந்த எண்ணும் சொல்லாது. எனக்கு ரத்தத்தைவிட அதுதான் பெரிய பயம்.

எங்கள் வீட்டில் புது கேம் என்றால் முதலில் நானும் பையனும் சேர்ந்து விளையாடுவோம். வாய்ஸ் சாட்டை அணைத்த பிறகுதான் போன் அவன் கைக்குப் போகும்.