உருண்டையா, ஏறக்குறைய உருண்டையா? ஸ்போர்களை அளந்து பார்த்த அனுபவம்

காளான் விவரிப்புகளில் ஸ்போர்களை, அதாவது காளான் இனம் பெருக்க உதிர்க்கும் நுண்வித்துகளை, "குளோபோஸ்", "சப்குளோபோஸ்" என்று சொல்லும்போதெல்லாம், முன்னது உருண்டை, பின்னது ஏறக்குறைய உருண்டை என்று பொருள்கொண்டு கடந்துவிடுவேன். அந்த "ஏறக்குறைய" எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை என் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும் என்றுதான் இம்முறை அளக்க உட்கார்ந்தேன். ஸ்போரின் நீளத்தை அகலத்தால் வகுத்து வரும் எண் 1.05 வரை இருந்தால் உருண்டை, 1.15 வரை ஏறக்குறைய உருண்டை, 1.30 வரை அகன்ற நீள்வட்டம், அதற்கு மேல் 1.60 வரை நீள்வட்டம் என்பது காளான் ஆய்வில் பரவலாகக் கையாளப்படும் வரையறை.

கடையில் வாங்கிய பால் காளானின் தொப்பியைக் கண்ணாடித் தகட்டின் மேல் இரவு முழுவதும் கவிழ்த்து வைத்தேன். காலையில் தொப்பியின் அடியிலுள்ள மெல்லிய மடல்களான செவுள்களின் வரிசை மாறாமல் ஸ்போர்கள் வெண்பொடியாகப் படிந்திருந்தன. அதில் ஊசிமுனையளவு எடுத்து ஒரு துளி நீரில் கலந்து, ஆயிரம் மடங்கு பெருக்கத்தில் கண்ணில் பட்ட முப்பது ஸ்போர்களை அளந்ததில் சராசரி 1.17 வந்தது. பால் காளானுக்கு நீள்வட்ட ஸ்போர் என்று படித்திருந்ததால் இது மனத்தை உறுத்தியது.

காரணத்தை ஒரு ஸ்போரே காட்டிக்கொடுத்தது. அச்சாக வட்டமாகத் தெரிந்த அது, நீரில் மெல்லப் புரளப் புரள நீண்டு, முட்டை வடிவம் கொண்டு, ஒரு முனையில் சிறு மூக்கை நீட்டியது. காளானோடு அது ஒட்டியிருந்த இடம் அந்த மூக்குதான். நம்மை நோக்கி முனை திருப்பி நிற்கும் நீள்வட்ட ஸ்போர் வட்டமாகத்தான் தெரியும். எனவே மூக்கு பக்கவாட்டில் தெரியும் ஸ்போர்களை மட்டும் தேர்ந்து, மூக்கின் நீளத்தைச் சேர்க்காமல் அளந்தேன், சராசரி 1.34 ஆயிற்று. மழைக்குப் பின் தோட்டத்தில் முளைத்து முற்றிய பந்துக் காளானின் ஸ்போர்களோ எப்படிப் புரண்டாலும் வட்டமாகவே இருந்தன. மேலுள்ள நுண்முட்களை விட்டு அளந்தபோது 1.02.

மகரந்தத்தில் கணக்கு வேறு. சுவீடனின் மகரந்த ஆய்வாளர் குன்னார் எர்ட்மன் வகுத்த முறையில் துருவ அச்சின் நீளத்தை நடுக்கோட்டு விட்டத்தால் வகுக்கிறார்கள், 0.88 முதல் 1.14 வரை கோளத்தை ஒத்தவை. அச்சு இன்னதென்று முன்பே தீர்மானிக்கப்படுவதால் எண் 1க்குக் கீழே இறங்கி, மகரந்தம் தட்டையாக அழுந்தியிருப்பதையும் சொல்லிவிடுகிறது. ஸ்போரில் நீண்ட பக்கமே பெரும்பாலும் நீளமாகக் கொள்ளப்படுவதால் அந்தச் செய்தி கிடைப்பதில்லை. சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடலுயிர்களான அம்மோனைட்டுகளின் புதைபடிவங்களிலும் ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் போதாது: பக்கவாட்டுப் படத்தில் பெரும்பாலானவை வட்டமே, தடிமனை அளந்தால்தான் பந்தா தட்டா என்று தெரியும்.

என் குறிப்பேட்டில் "உருண்டை" என்று பதிந்த ஏழு காளான்களில் நான்கை மூக்கைத் தேடாமலே அளந்திருக்கிறேன். அவற்றின் தகடுகளை மீண்டும் வெளியே எடுத்து வைத்திருக்கிறேன்.