கடைசிப் பந்தியில் சாப்பிடுகிற பெண்களுக்கு

முகூர்த்த மாதம் நெருங்கினால் என்னிடம் புதுத் துணியைவிடப் பழைய ஜாக்கெட்டுகள்தான் அதிகம் வரும். "எக்கா, இதைக் கொஞ்சம் பிரிச்சு விடுங்க, கை நுழைய மாட்டேங்கு" என்று கட்டைப்பையில் நாலைந்து கொண்டு வருவார்கள். பாளையங்கோட்டை தியாகராஜ நகரில் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டுத் தைக்கிறேன். எங்கள் தொழிலில் பக்கத் தையலுக்கு உள்ளே ஒரு இஞ்சு, ஒன்றரை இஞ்சு துணி விட்டுத்தான் தைப்போம். பின்னால் உடம்பு போடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கல்யாணப் பட்டு ஜாக்கெட்டில் முதல் பிள்ளைக்கு அப்புறம் ஒரு தையல் பிரியும், இரண்டாவது பிள்ளைக்கு அப்புறம் அடுத்த தையல். நாற்பது வயதுக்குள் உள்ளே விட்ட துணி தீர்ந்துவிடும். அதற்கு மேல் அக்குளில் ஒட்டுத்துணி வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றே ஒன்று: "நான் அப்படி ஒண்ணும் திங்கலியேக்கா." அது பொய்யே இல்லை. உட்கார்ந்து, தட்டு வைத்துச் சாப்பிட்டது குறைவுதான். அடுப்படியில் நின்றுகொண்டு சாப்பிட்டதை எந்தப் பெண்ணும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிள்ளை பாதியில் வைத்த தோசை, சட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிற சோறு, நாலு வாய் மிச்சமான கூட்டு. வடித்த சோற்றை வீணாக்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அது நல்ல வளர்ப்புதான். ஆனால் அந்த மிச்சமெல்லாம் வீட்டில் ஒரே ஒருத்தி வயிற்றுக்குத்தான் போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உடம்பு குறைப்பது பற்றி நான் சொல்ல வேண்டியதில் முக்கால்வாசி இதுதான்.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 44 வயதில் முழங்கால் வலியோடு டாக்டரிடம் போனபோது உயரம் 155 சென்டிமீட்டர், எடை 76 கிலோ. மூன்று மாதச் சர்க்கரை அளவு, அதாவது எச்பிஏ1சி, 6.1. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தின கட்டம் என்றார்கள். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் இப்போது 66 கிலோ, 5.6. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைத் தேடுவதில்லை. ஒரு கிலோ எடை குறைந்தால் நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு ஏறக்குறைய நாலு கிலோ பாரம் குறைகிறது என்று டாக்டர் சொன்னார். பத்து கிலோவுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், மூட்டு எவ்வளவு பிழைத்திருக்கும் என்று தெரியும்.

எடை மிஷினைவிட எனக்கு நம்பிக்கை இஞ்சு டேப்பில்தான். இதில் ஒரு விஷயம் நம் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இடுப்பளவு என்றால் நாம் பாவாடை நாடா கட்டுகிற இடத்தை அளப்போம். டாக்டர்கள் கேட்கிற அளவு அது இல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்ட நிலையில், டேப்பை இறுக்காமல் சுற்றி எடுக்க வேண்டும். நம் நாட்டுப் பெண்களுக்கு அது 80 சென்டிமீட்டருக்குள், ஆண்களுக்கு 90-க்குள் இருப்பது நல்லது. 80 என்பது முப்பத்தொன்றரை இஞ்சு. நாடா கட்டும் இடத்தில் அளந்தால் தொப்பைக்குக் கீழே போய்விடும், ஒன்றும் தெரியாது. நான் 38-இல் ஆரம்பித்தேன், இப்போது 34. இன்னும் போக வேண்டிய தூரம் இருக்கிறது. குடலைச் சுற்றிச் சேர்கிற கொழுப்புதான் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாமல் கெடுக்கிறது. நம் ஆட்களுக்குக் கை கால் ஒல்லியாக இருந்தாலும் வயிற்றில் மட்டும் சேரும். அளவெடுக்கும்போது தினமும் பார்க்கிறேன்.

முதலில் மாறியது ராத்திரிச் சாப்பாட்டு நேரம். வீட்டுக்காரர் கடை அடைத்து வர ஒன்பதரை ஆகும். அவருக்குச் சூடாகத் தோசை ஊற்றிக் கொடுத்து, பாத்திரம் ஒதுக்கி, நான் உட்காரும்போது பத்தரை. அந்த நேரத்துப் பசியில் நாலு தோசையும் நல்லெண்ணெய் குழைத்த மிளகாய்ப்பொடியும் போவதே தெரியாது. இதை மாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஆம்பிளை சாப்பிடும் முன்னால் சாப்பிடுவதா என்று வீட்டில் ஒரு பேச்சு வரும். நான் அத்தையிடமே போனேன். அவர்களுக்குச் சர்க்கரை மாத்திரை இருக்கிறது. "நீங்க நேரத்துக்குச் சாப்பிடணும்லா அத்தை, தனியா உக்காந்தா ரெண்டு வாய்ல எந்திரிச்சிருதீங்க. நானும் உங்ககூடயே உக்காருதேன்" என்றேன். "சரிட்டி, தட்டை எடுத்து வை" என்றார்கள். ஏழரை மணிக்கு அத்தை, நான், மகள் மூன்று பேரும் சேர்ந்து உட்காருவது அப்படித்தான் வழக்கமானது. அவர் வரும்போது மாவும் சட்னியும் தயாராக இருக்கும், அவரே ஊற்றிக்கொள்கிறார். கூடவே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பேன், வாயில் ஒன்றும் போடுவதில்லை. அவ்வளவுதான் மாற்றம்.

அடுத்தது உலை அரிசி. மிச்சம் விழாமல் வடிக்கப் பழகினால் மிச்சத்தைத் தின்ன வேண்டியதில்லை. முன்பெல்லாம் யாராவது திடீரென்று வந்தால் இருக்கட்டும் என்று ஒரு உழக்கு கூடப் போடுவோம். இப்போது ஆளுக்கு இவ்வளவு என்று டம்ளரில் அளந்துதான் போடுகிறேன். யாராவது வந்தால் இருபது நிமிஷத்தில் வடித்துவிடலாம், இது விறகடுப்புக் காலம் இல்லையே. அப்படியும் மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வைத்துவிடுவேன். காலையில் சின்ன வெங்காயம், மோர், கொஞ்சம் சுண்டலோடு அதுதான் என் காலைச் சாப்பாடு. கவனியுங்கள், பழையதும் சாப்பிட்டு அதற்கு மேல் இட்லியும் சாப்பிடுவதில்லை. பழைய சோறு குடித்தால் மெலிந்துவிடலாம் என்று செல்போனில் சுற்றுகிற பேச்சை நம்பாதீர்கள். அதுவும் சோறுதான். சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கு சீக்கிரம் செரிக்காத வகையாக மாறுகிறது, அது நல்லது, அவ்வளவுதான்.

ஓட்ஸ் வாங்கலாமா, வெளிநாட்டு விதை எதையாவது ஊற வைக்கலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். வாங்குகிறவர்கள் வாங்கட்டும். நம் திருநெல்வேலிச் சமையலில் இல்லாதது ஒன்றும் அதில் இல்லை. தோலோடு உளுந்து போட்டுப் பொங்குகிற உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் நம் வீட்டுச் சாப்பாடு. அரிசியைக் குறைத்து உளுந்தைக் கூட்டிப் பொங்கினால் வயிறு நிற்கும். முருங்கைக்கீரை போட்ட கூட்டாஞ்சோறும் அப்படித்தான், காயையும் பருப்பையும் கூட்டிக்கொள்ள வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து சாளை மலிவாக வருகிறது. குழம்பு வைத்தால் போதும், பொரிக்க வேண்டாம். உடம்பு எடையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராமுக்குக் குறையாமல் தினமும் புரதம் வேண்டும். எனக்கு ஐம்பது கிராமுக்கு மேல் வருகிறது. ஒரு முட்டையில் இருப்பது ஆறு கிராம். இட்லி, சோறு, தோசை என்று ஓட்டினால் அந்தக் கணக்கு எட்டவே எட்டாது. பெண்கள் முட்டையையும் மீனையும் பிள்ளைகளுக்கும் ஆண்களுக்கும் ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிச் சாப்பிடுகிறோமே, அது எனக்கு மனசுக்கு ஆகவே ஆகாது. எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும். அதைக் காப்பாற்றுவது புரதமும் உடம்பசைவும்தான். உங்கள் பங்கு முட்டையை நீங்களே சாப்பிடுங்கள்.

தட்டில் பாதி காய். சீனியவரைக்காய்ப் பொரியல், தடியங்காய்க் கூட்டு, புடலங்காய், கீரை, எதுவானாலும் சரி. முதலில் அதைச் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றைப் பிசைகிறேன். காயும் பருப்பும் முதலில் போனால் சர்க்கரை சட்டென்று ஏறுவதில்லை. அவியலிலும் பொரியலிலும் தேங்காயைப் பாதியாக்கினேன், ருசி ஒன்றும் கெடவில்லை. எண்ணெய்தான் ஏமாற்றும். செக்கு நல்லெண்ணெய் உடம்புக்கு நல்லது என்று தாராளமாக ஊற்றுவோம். எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு ஒன்பது கலோரி, ஒரு மேசைக்கரண்டி ஏறக்குறைய 120. மிளகாய்ப்பொடிக்கு இப்போது டீஸ்பூனால் ஊற்றுகிறேன்.

கருப்பட்டிக்கு வருகிறேன். உடன்குடிக் கருப்பட்டி என் உயிர். வெள்ளைச் சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டால் சர்க்கரை ஏறாது என்று இங்கே முக்கால்வாசிப் பேர் நம்புகிறார்கள். ஏறும். மணமும் கொஞ்சம் தாதுச் சத்தும் இருப்பது உண்மை, ஆனால் அதிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். மிஷினில் உட்கார்ந்தால் நாளுக்கு நாலு டீ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பூன் சீனி என்றால் அதுவே 35, 40 கிராம் ஆகிறது. நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவர் சேர்த்துக்கொள்கிற சர்க்கரை 50 கிராமுக்குள், முடிந்தால் 25-க்குள் நிற்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. டீயை இரண்டாக்கி, சீனியை ஸ்பூன் ஸ்பூனாகக் குறைத்தேன். இப்போது சீனி போட்ட டீ எனக்குத் திகட்டுகிறது.

கல்யாண வீடு, கோவில் கொடை, மறுவீட்டுச் சொதி இதையெல்லாம் நான் விடுவதில்லை. தேங்காய்ப்பால் சொதிக்கு இஞ்சித் துவையல் வைத்துச் சாப்பிடாமல் என்ன திருநெல்வேலிக்காரி? இலையில் உட்கார்ந்தால் திருப்தியாகச் சாப்பிடுவேன். மறுநாள் வழக்கம்போல. டவுனுக்குப் போனால் சூடாக அல்வா கொஞ்சம் வாங்கி அங்கேயே சாப்பிட்டுவிட்டு வருவேன். கிலோக் கணக்கில் வாங்கி வீட்டில் வைப்பதுதான் ஆபத்து, கை போகும்போதெல்லாம் வாய்க்கு வந்துவிடும்.

உடம்பசைவுக்கு நான் எங்கேயும் பணம் கட்டவில்லை. காலையில் மகாராஜ நகர் உழவர் சந்தைக்கு நடந்தே போகிறேன். போக வர நாற்பது நிமிஷம் ஆகிறது, சந்தைக்குள் சுற்றுவது தனி. வேகம் எப்படி இருக்க வேண்டும் என்றால், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வாரத்துக்கு 150 நிமிஷம் இப்படி நடந்தால் போதும். திரும்பும்போது காயை இரண்டு பைகளில் சமமாகப் பிரித்து இரண்டு கையிலும் தூக்கி வருகிறேன். தோளைத் தொங்க விடாமல் நிமிர்ந்து வர வேண்டும். கைக்கும் முதுகுக்கும் இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. நம் ஊர் வெயிலுக்கு ஏழு மணிக்கு முன்னால் வீட்டுக்குள் வந்துவிடுவது உத்தமம்.

தையல்காரிக்கு எதிரி ஸ்டூல். கால் மிதி மிஷினாக இருந்தவரைக்கும் பாதமாவது ஆடும். மோட்டார் போட்ட பிறகு இடுப்புக்குக் கீழே ஒன்றுமே அசைவதில்லை. அதனால் பாபினில் நூல் தீர்ந்தால் எழுந்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். பாபினைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஸ்டூலிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவேன். எழும்போது மூச்சை விட வேண்டும், உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்க வேண்டும், முழங்கால் உள்பக்கம் மடங்கக் கூடாது. அப்புறம் சுவரில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றிப் பத்து முறை தள்ளல். அது முடிந்துதான் நூல் சுற்றுவேன். சாதாரணமாக ஒரு நாளில் ஐந்தாறு பாபின் தீரும், முகூர்த்த நாளில் இன்னும் கூட. முழங்கால் வலி குறைந்ததற்கு எடை பாதிக் காரணம் என்றால் தொடைச் சதை உறுதியானது மீதிப் பாதி. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் பத்து நிமிஷம் மொட்டை மாடியில் மகளோடு நடக்கிறேன். சாப்பிட்ட உடனே தசை வேலை செய்தால் ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையை அது எடுத்துக்கொள்ளும்.

நடுவில் தடைப்படும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆறு ஊருக்குள் வந்தபோது நடையாவது, அளவுச் சாப்பாடாவது. கிடைத்ததைச் சமைத்துச் சாப்பிட்டோம். உடம்பும் கொஞ்சம் ஏறியது. தை பிறந்து பனங்கிழங்கு வந்த சமயத்தில் மறுபடி சந்தைக்கு நடக்கத் தொடங்கினேன். விட்ட நாட்களுக்கு ஈடுகட்டப் பட்டினி கிடக்கவில்லை, இரட்டை நடையும் நடக்கவில்லை. வழக்கத்துக்குத் திரும்பினேன், உடம்பும் தானாகத் திரும்பியது.

தொடங்குகிறவர்கள் முதலில் சர்க்கரை, தைராய்டு, ரத்த அளவு மூன்றையும் பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைவாக இருந்தால் எடை குறைவது கஷ்டம், சோர்வும் இருக்கும், அதற்கு மாத்திரை இருக்கிறது. அத்தை மாதிரி சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று குறைத்தால் சிலருக்குச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். டாக்டரிடம் சொல்லி மாத்திரை அளவைச் சரிபார்த்துக்கொண்டு மெதுவாகக் குறையுங்கள். அத்தைக்கு அப்படித்தான் செய்தோம். இப்போது நான் எழுந்து உட்காரும்போது அவர்களும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருகிறார்கள்.