மாரிக்குக் கழற்றி வைத்த நாலு பற்றரியில் இரண்டு போனது எப்படி

முல்லைத்தீவுக் கரையில் வாடைக்காற்று கிளம்பினால் மூன்று மாதத்துக்குப் படகு மணலில்தான். ஐப்பசிக் கடைசியில் ஏற்றினோம், மாசி நடுவில் இறக்கினோம். இயந்திரத்தை நல்ல தண்ணியில் ஓடவிட்டுக் கழுவியது, வலை காயவிட்டது எல்லாம் வழமைபோல முடிந்தது. பிழைத்தது பற்றரியில்தான். ஜிபிஎஸ், மீன் பார்க்கிற கருவி, இரவு லைற் என்று நாலு படகுக்கும் ஒவ்வொன்று: 12 வோல்ற், 70 அம்பியர் மணி, மூடி திறந்து தண்ணி விடுகிற ஈய-அமில வகை. அதில் இரண்டு இப்போது பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது.

முதல் பிழை, வெளிநாட்டுக் காணொளியை அப்படியே நம்பியது. கனடாவில் பனிக்காலத்துக்குப் படகை மூடுகிறவர்கள், பற்றரியை நிறையச் சார்ஜ் பண்ணிக் குளிர்ந்த கராச்சில் வைத்துவிட்டு மாசக்கணக்கில் தொடுவதில்லை. அங்கே அது சரி. சும்மா கிடக்கிற பற்றரியில் சார்ஜ் தானாக இறங்குகிற வேகம் ஒவ்வொரு 10 பாகைச் சூட்டுக்கும் ஏறக்குறைய இரட்டிக்கும். 5 பாகைக் கராச்சோடு பார்த்தால் 28 பாகை வாடியில் (கரையில் நாங்கள் சாமான் வைக்கிற கொட்டில்) அது நாலைந்து மடங்கு. அவர்களுடைய பயம் வேறு: இறங்கிய பற்றரிக்குள் இருப்பது பெரும்பாலும் தண்ணி, மைனஸ் 7 பாகை அளவிலேயே உறைந்து பெட்டியைப் பிளந்துவிடும். நிரம்பியது மைனஸ் 50இலும் உறையாது. வன்னியில் உறைய என்ன இருக்கிறது? இங்கே கொல்வது, பாதி இறங்கிய பற்றரி சூட்டில் கிடப்பது. ஈயத் தகட்டில் படிகிற சல்பேற் உடனே சார்ஜ் ஏற்றினால் கரையும். மாசக்கணக்கில் விட்டால் கல்லாக இறுகிவிடும்.

இரண்டாவது பிழை, வோல்ற் மீற்றரை வைத்த நேரம். சார்ஜரிலிருந்து கழற்றிய கையோடு அளந்தால் 12.8, 12.9 என்று காட்டும். அது மேல்பூச்சு. எல்லா வயரையும் கழற்றி 12 மணித்தியாலம் விட்டு அளந்தால்தான் உண்மை தெரியும். 12.6 என்றால் நிறைவு, 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால். 12.4க்குக் கீழே எதையும் மூலையில் வைக்கவேண்டாம். செத்த இரண்டில் ஒன்று, வைக்கும்போதே 12.2இல் இருந்திருக்கிறது, நாங்கள் பார்த்தது 12.7.

ஹைட்ரோமீற்றர் (பற்றரி அமிலத்தின் அடர்த்தியை அளக்கிற கருவி) வைத்திருப்பவருக்கு ஒரு குறிப்பு. நிறைவு என்றால் 1.265 என்பது குளிர் நாட்டுக் கணக்கு. சூடான நாடுகளுக்கு வருகிற பற்றரியில் அமிலம் மெல்லியதாக இருக்கலாம், 1.240இலேயே நிறைந்திருக்கும். 1.265 வரட்டும் என்று கொதிக்கவிட்டால் தகடுதான் உதிரும். அப்படி நிறைந்தது ஓய்வில் 12.5 அளவுதான் காட்டும், பயப்படத் தேவையில்லை.

வயரைக் கழற்றாமல் சுவிச்சை மட்டும் நிறுத்திவிட்டு வருகிறவர் கனபேர். கருவிகள் நிறுத்திய பிறகும் கொஞ்சம் உறிஞ்சும். வெறும் 20 மில்லி அம்பியர் என்றாலும் மாதத்துக்கு 14 அம்பியர் மணி, 70இல் ஐந்தில் ஒன்று. நெகற்றிவ்வை முதலில் கழற்றுங்கள், திரும்பப் பூட்டும்போது அது கடைசி. பச்சைப் பூப்பு இருந்தால் ஒரு லீற்றர் தண்ணியில் இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்துப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். மூடிகள் இறுக்கி இருக்கவேணும். ஒவ்வொரு மூடிக்குக் கீழும் ஒரு தனி அறை; சோடாத் துளி உள்ளே போனால் அந்த அறையின் அமிலம் கெட்டுவிடும். துடைத்துக் காயவிட்டு வஸலின் பூசினால் சரி.

இப்போது உத்தரவாதக் கதை. செத்ததைத் தூக்கிக்கொண்டு மாங்குளம் போய், அங்கே பஸ் மாறி வவுனியாவுக்கு. நடத்துநர் ஏற்றவே மறுத்தார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு வளைவில் சரிந்து அமிலம் கசிந்ததில் சாறத்தில் ஏழு ஓட்டை. கடையில் அட்டையைப் பார்த்தார்கள்: முத்திரை இருக்கிறது, விற்ற திகதி இல்லை. பற்றரியில் ஒட்டியிருந்த இலக்கச் சிட்டையை அமிலம் தின்றிருந்தது. “சார்ஜ் இல்லாமல் வைத்தது உங்கட பிழை, இது தயாரிப்புக் குறை இல்லை” என்று முடித்துவிட்டார்கள். கடைசி வசனம் நியாயம்தான். ஆனால் திகதி போடாமல் தந்தது யார்? புதுசு வாங்குகிற அன்றே அட்டை, சிட்டை, இலக்கம் மூன்றையும் போனில் படம் எடுங்கள், திகதி எழுதும்வரை கடையை விட்டு இறங்காதீர்கள்.

மூன்றாவது பற்றரி 10.4இல் கிடந்தும் மீண்டது. ஓட்டோமற்றிக் சார்ஜர் அவ்வளவு இறங்கியதைப் பற்றரி என்றே ஏற்காது, சிவப்பு லைற்றோடு நின்றுவிடும். பொசிற்றிவ்வுக்குப் பொசிற்றிவ், நெகற்றிவ்வுக்கு நெகற்றிவ் என்று நல்ல பற்றரி ஒன்றைப் பக்கத்தில் கட்டி அரை மணி சார்ஜ் போட்டோம். நிறுத்தி, நல்லதைக் கழற்றி, உடனே திரும்பப் போட்டபோது 11.8. ஏற்றுக்கொண்டது. 2 அம்பியரில் வைத்து இரண்டு நாள். முதல் சில மணி ஒன்றுமே இழுக்காது, அதற்காகக் கைவிடவேண்டாம். கையால் தொட முடியாத சூடோ கூழ்முட்டை மணமோ வந்தால் நிறுத்துங்கள். மாரியில் கரண்ட் நின்று வந்தபிறகு சில சார்ஜர்கள் தானாகத் தொடங்குவதில்லை. ஓடுகிறது என்று நினைத்து ஒரு இரவைத் தொலைத்தோம்.

மீண்டதா என்பதை வோல்ற் சொல்லாது. ஒரு 55 வாற்று ஹெட்லைற் பல்பை 5 மணி எரியவிடுங்கள். ஏறக்குறைய 23 அம்பியர் மணி, அதாவது மூன்றில் ஒரு பங்கு இழுக்கும். மீண்டது கடைசியில் 12.0இல் நின்றது. செத்தது 50 நிமிடத்தில் 10.5. ஹைட்ரோமீற்றரில் அதன் ஐந்து அறைகள் 1.220, ஒன்று மட்டும் 1.130; 0.050க்கு மேல் வித்தியாசம் என்றால் இனிச் செலவழிக்கவேண்டாம்.

இரண்டாவது செத்தது பழைய கராச் சார்ஜரால். தானாக நிற்காத வகையில் நாலு நாள் விட்டதில் தண்ணி வற்றித் தகடு வெளியே தெரிந்தது. அதுக்குள் கிணற்றுத் தண்ணி விட்ட புண்ணியவான் யாரென்று இன்னும் தெரியாது. வடித்த தண்ணிதான் விடவேணும், அதுவும் சார்ஜ் முடிந்த பிறகு. தகடு தெரிந்தால் மட்டும் முதலில் தகடு மூழ்குமளவுக்கு. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். மண்ணெண்ணெயும் பெற்றோலும் அடுக்கிய வாடிக்குள்ளோ, நுளம்புத்திரி எரிகிற அறைக்குள்ளோ சார்ஜ் போடாதீர்கள்.

சீமெந்து நிலம் சார்ஜை உறிஞ்சும் என்பது பழைய பேச்சு, இப்போதைய பிளாஸ்ரிக் பெட்டிக்குப் பொருந்தாது. ஆனாலும் மேசை உயரத்தில் வையுங்கள், வெள்ளத்துக்காக. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்துக் கதவுகள் திறந்ததை மறந்தவர் யார்? உப்புத்தண்ணி உள்ளே போனால் குளோரின் வாயு வரும், அந்தப் பற்றரியைத் திருத்தப் பார்க்கவேண்டாம்.

நாலாவதுக்கு ஒன்றும் நடக்கவில்லை. 10 வாற்று சோலார் தட்டு, நடுவில் சின்னக் கொன்ட்ரோலர். சும்மா இருக்கிற பற்றரி நாளுக்குக் கால் அம்பியர் மணி அளவுதான் இழக்கும், மப்பு நாளிலும் தட்டு அதைக் கொடுத்துவிடும். கொன்ட்ரோலர் இல்லாமல் நேரே பூட்டினால் வெயில் வந்ததும் கொதிக்கும். தட்டு இல்லாதவர் விளக்கீட்டுக்கு ஒருக்கா, நத்தாருக்கு ஒருக்கா, தைப்பூசத்துக்கு ஒருக்கா 7 அம்பியரில் ஏற்றினால் போதும். லிதியம் வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் இல்லை: அதைப் பாதியில் வைத்து, வயரைக் கழற்றிவிட்டு, நிழலில் விடுங்கள்.