டெக்சாஸ் எல்.டி.சி. சுடும் தேர்வு: எதை எடுத்துப் போவது, எப்படித் தயாராவது

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிறைந்து சட்டத்தடை ஏதும் இல்லாதவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாம். ஆனாலும் எல்.டி.சி. (லைசென்ஸ் டு கேரி) எனும் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லும் உரிமத்துக்கு மதிப்பு இருக்கிறது. வேறு பல மாநிலங்களிலும் அது செல்லும். வகுப்பும் எழுத்துத் தேர்வும் பெரும்பாலோருக்குச் சிரமமில்லை. ஆட்கள் தடுமாறுவது ரேஞ்சில், அதாவது சுடுதளத்தில்தான்.

நம்மவர்கள் முதலில் பார்க்க வேண்டியது விசாவை. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் அடங்கும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. அவை தனக்குப் பொருந்துமா என்று வழக்கறிஞரிடம் உறுதி செய்துகொண்ட பிறகே ரேஞ்சுக்குள் கால் வைக்க வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் குடிமக்களுக்கும் இந்தத் தடை இல்லை.

தேர்வில் மொத்தம் 50 தோட்டா: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. இலக்கு பி-27 என்ற ஆள் உருவ அட்டை. 8ஆம் வளையமும் அதற்கு உள்ளேயும் பட்டால் 5 புள்ளி, 7ஆம் வளையத்தில் 4, அதற்கு வெளியே ஆனால் உருவத்துக்குள் என்றால் 3. முழு மதிப்பெண் 250, தேர்ச்சிக்கு 175. கணக்குப் போட்டுப் பாருங்கள்: முதல் 40 தோட்டாவும் ஐந்தைந்தாக விழுந்தால் 200 வந்துவிடும், 15 கஜத்தில் ஒன்றுகூடப் படாவிட்டாலும் தேர்ச்சிதான். இது தெரியாமல் பலர் 15 கஜத்தை நினைத்தே பயந்து, 3 கஜத்தில் அவசரப்பட்டுப் புள்ளியை விடுகிறார்கள். 8ஆம் வளையம் சுமார் 12 அங்குல அகலம், 18 அங்குல உயரம். 3 கஜத்தில் அதைத் தவறவிட்டால் பெரும்பாலும் டிரிக்கரை வெடுக்கென்று இழுத்ததுதான் காரணம்.

குறைந்தபட்ச காலிபர் (தோட்டாவின் விட்ட அளவு) விதி 2017இல் நீக்கப்பட்டது. எனவே பாயிண்ட் 22 கொண்டும் தேர்வு எழுதலாம். அதிர்வு குறைவு, விலையும் குறைவு. ஆனால் இது போன்ற ரிம்ஃபயர் (விளிம்பில் அடித்து வெடிக்கும்) தோட்டாக்களில் வெடிக்காமல் போவது அதிகம். நேரக் கெடு ஓடும்போது அது பெரிய இடைஞ்சல். புதியவருக்கு எங்கள் பரிந்துரை நடுத்தர அளவு 9 மி.மீ. பிஸ்டல். பாக்கெட்டில் அடங்கும் குட்டித் துப்பாக்கியோடு தேர்வுக்கு வருவது நல்லதல்ல. பிடி சிறியது, குறிப்பார்வையின் (குறிபார்க்கும் முன்பின் முனைகளின்) இடைவெளி குறைவு, உதைப்பு கடுமை. முப்பது தோட்டாவுக்குள் கை சோர்ந்துவிடும். உரிமம் எந்தத் துப்பாக்கியில் தேர்வு எழுதினீர்கள் என்று பார்ப்பதில்லை: பிஸ்டல், ரிவால்வர் என்ற பிரிவு 2013இலேயே போய்விட்டது.

தோட்டா 50 போதும் என்று சரியாக 50 கொண்டு வராதீர்கள். ஒன்று வெடிக்காவிட்டாலும் கணக்கு இடிக்கும். தொழிற்சாலைத் தயாரிப்பாக 100 எடுத்துப் போங்கள். பெட்டியில் உள்ள காலிபரும் துப்பாக்கிக் குழலில் பொறித்திருப்பதும் ஒன்றுதானா என்று வீட்டிலேயே பாருங்கள். பாயிண்ட் 380யும் 9 மி.மீ.யும் ஒரே விட்டம் என்பதால் மாற்றி வாங்கி வருகிறவர்கள் உண்டு. மூடிய ரேஞ்சுகள் பலவற்றில் காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டினால் அந்தத் தோட்டாவுக்கு அனுமதி இல்லை. மேகசின் (தோட்டா நிரப்பும் பெட்டி) குறைந்தது இரண்டு வேண்டும். ஒவ்வொன்றிலும் கட்டளையில் சொல்லும் அளவு மட்டும் போடுங்கள், எண்ணிக்கை குழம்பாது.

கண்ணாடி, காதுக்கவசம் கட்டாயம். மூடிய ரேஞ்சில் காதுக்குள் நுரைப்பஞ்சு அடைப்பான், மேலே கவசம் என இரண்டும் போட்டால் சத்தத்துக்குத் திடுக்கிடுவது நன்றாகக் குறையும். கழுத்து இறங்கிய சட்டையும் செருப்பும் வேண்டாம். சுட்ட தோட்டாவின் சூடான வெற்றுக்கூடு சட்டைக்குள் விழுந்து, துப்பாக்கியோடு திரும்பிவிடுவதுதான் ரேஞ்சில் நாங்கள் மிகவும் அஞ்சும் காட்சி. முன்விளிம்புள்ள தொப்பி போடுங்கள்.

துப்பாக்கி வாங்கிய பெட்டியோடு அப்படியே தேர்வுக்கு வருவது மிகப் பெரிய தவறு. குறைந்தது இரண்டு முறையாவது ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுப் பழகியிருக்க வேண்டும். வீட்டில் பழக, தோட்டாவை வேறு அறையில் வைத்துவிட்டு, துப்பாக்கிக்குள் தோட்டா நிற்கும் அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, பத்திரமான சுவர்ப் பக்கம் நீட்டி, குறிப்பார்வை அசையாமல் டிரிக்கரை அழுத்துங்கள். தினமும் பத்து நிமிடம் போதும். ஸ்லைடை (பிஸ்டலின் மேலே முன்பின் நகரும் பகுதியை) இழுக்க முடியாதவர்கள் விரல் நுனியால் கிள்ளாமல் முழு உள்ளங்கையால் பற்றி, மறு கையால் துப்பாக்கியை முன்னே தள்ளினால் எளிதாக வரும்.

வலக்கைக்காரருக்குத் தோட்டாக்கள் இலக்கின் இடப்பக்கம் கீழே குவிந்தால், உதைப்பு வருமுன்பே கையை அழுத்துகிறார் என்று அர்த்தம். நண்பரை மேகசினில் ஒரு போலித் தோட்டாவைக் கலந்து போடச் சொல்லுங்கள். அது வரும்போது குழல் முனை தாழ்வது கண்ணுக்கே தெரியும்.

வெற்றுக்கூடு ஸ்லைடில் சிக்கினால் பெரும்பாலும் மணிக்கட்டுத் தளர்ச்சிதான் காரணம். கை பின்னே போனால் ஸ்லைடு முழுத் தூரம் ஓடாது. மேகசினை அடியில் தட்டி, ஸ்லைடை முழுதாக இழுத்து விடுங்கள். விரல் டிரிக்கரில் இருக்கக் கூடாது, முனை இலக்கை விட்டு விலகக் கூடாது. 'டப்' என்று மெலிதாக வெடித்து உதைப்பே இல்லாவிட்டால் அடுத்ததைச் சுடாதீர்கள்: குண்டு குழலிலேயே நின்றிருக்கலாம், அடுத்தது குழலைப் பிளந்துவிடும். கையை உயர்த்தி இன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிடுங்கள். வெடிக்கவே இல்லை என்றால் முப்பது நொடி இலக்கை நோக்கியே வைத்திருந்து பிறகு வெளியேற்றுங்கள்.

15 கஜத்தின் கடைசி ஐந்துக்கு 15 நொடி. ஒரு தோட்டாவுக்கு மூன்று நொடி என்பது தாராளம், முழுவதையும் பயன்படுத்துங்கள். முடிந்ததும் ஈயத் துகள் போகக் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டே எதையும் சாப்பிடுங்கள். சான்றிதழில் பெயரும் பிறந்த தேதியும் ஓட்டுநர் உரிமத்தில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று அங்கேயே சரிபாருங்கள். விரல்ரேகை, 40 டாலர் கட்டணம் எல்லாம் சேர்ந்து விண்ணப்பம் முழுமையான நாளிலிருந்து 60 நாளுக்குள் டெக்சாஸ் பொதுப் பாதுகாப்புத் துறை முடிவு சொல்லும்.