மளிகைக் கடைக்குப் புதுக் கல்லா: பிஎஸ்ஜி மானியம் வாங்கிய அனுபவம்

சிங்கப்பூரில் 2023 ஜனவரியில் ஜிஎஸ்டி 7 சதவீதத்திலிருந்து 8 ஆனது. அடுத்த ஜனவரியில் 9. இந்த இரண்டு ஏற்றமும் எங்களைப் போன்ற மளிகைக் கடைக்காரர்களை என்ன பாடு படுத்தின என்பது வெளியில் அதிகம் தெரியாது. இங்கே கடையில் ஒட்டும் விலை வரியும் சேர்ந்த விலையாகத்தான் இருக்க வேண்டும். அதனால் வரி ஒரு சதவீதம் ஏறினால் விலை மாறும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் புது லேபிள் ஒட்டியாக வேண்டும். கடையை மூடிவிட்டு, லேபிள் கன்னை எடுத்துக்கொண்டு, நானும் அப்பாவும் அடுக்கு அடுக்காக ஒட்டினோம். இரண்டாவது வருடம் அதே வேலை மறுபடி வந்தபோதுதான், விலையை ஒரே இடத்தில் மாற்றினால் கடை முழுக்க மாறுகிற ஏற்பாட்டைச் செய்தே தீருவது என்று முடிவெடுத்தேன்.

எங்கள் கடை லிட்டில் இந்தியாவில், தேக்கா பக்கம். அரிசி, பருப்பு, மசாலா, ஊறுகாய், பூசைச் சாமான். வெள்ளிக்கிழமையானால் வாழையிலை, பூ. பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகள் சிலவற்றுக்கு மாதக் கணக்கில் சரக்கும் போடுகிறோம். பழைய கல்லா தொகையைக் கூட்டிச் சொல்லும், அவ்வளவுதான். என்ன சரக்கு இருக்கிறது, எது தீரப்போகிறது என்பதெல்லாம் அப்பாவின் தலைக்குள் இருந்தது. அவருக்கு வயதாகிக்கொண்டே போகிறது. அந்தக் கணக்கு வேறோர் இடத்திலும் இருக்க வேண்டும் என்ற கவலை எனக்குக் கொஞ்ச காலமாகவே உண்டு.

அப்போது விசாரித்ததுதான் பிஎஸ்ஜி, அதாவது உற்பத்தித்திறன் தீர்வு மானியம். 2018-ல் தொடங்கிய திட்டம். சிறு, நடுத்தர நிறுவனங்கள் கல்லா, சரக்குக் கணக்கு, கணக்குவழக்கு மென்பொருள் போன்றவற்றை வாங்கும்போது செலவில் ஒரு பங்கை அரசு ஏற்றுக்கொள்கிறது. தொடக்கத்தில் 70 சதவீதம் வரை கொடுத்தார்கள். கோவிட் காலத்தில் அது 80 வரை போனது. 2023 ஏப்ரலிலிருந்து 50. நான் விண்ணப்பித்தது 2024-ல், ஆக எனக்குப் பாதிதான். ஒரு நிதியாண்டில் ஒரு நிறுவனத்துக்கு 30,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) உச்சவரம்பு. எங்கள் அளவுக் கடை அந்த வரம்பின் பக்கத்தில்கூடப் போகாது.

அப்பா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் மனதில் இருந்தது பழைய பிஐசி, அதாவது உற்பத்தித்திறன், புத்தாக்கச் சலுகைத் திட்டம். 2011-லிருந்து 2018 வரையிலான வரி மதிப்பீட்டு ஆண்டுகளில் இருந்தது அது. கருவி, மென்பொருள் வாங்கிய செலவில் ஒரு கட்டத்தில் 60 சதவீதத்தை ரொக்கமாகவே திருப்பிக் கேட்கலாம். 2016 ஆகஸ்டிலிருந்து அது 40 ஆனது. அந்தக் காலத்தில் வாரம் ஒருவர் கடைக்கு வந்து, "கையெழுத்து மட்டும் போடுங்க, மற்றதை நாங்க பார்த்துக்கிறோம்" என்பாராம். தேவையே இல்லாத பொருளைத் தலையில் கட்டிவிட்டுப் போனவர்கள் உண்டு, பொய்க் கணக்குக் காட்டி மாட்டியவர்களும் உண்டு. "சும்மா வர்ற காசுக்குப் பின்னாடி ஏதாவது வரும்யா" என்றார் அப்பா. அவர் பயம் நியாயமானது. பிஎஸ்ஜியில் இருக்கும் கெடுபிடிகளில் பாதி அந்தப் பழைய அனுபவத்திலிருந்து வந்தவை என்றே நான் நினைக்கிறேன். அந்தக் கெடுபிடிகள் எனக்குப் பிடித்திருந்தன.

என்ன கெடுபிடி? முதலாவது, நீங்கள் எதையும் வாங்கிவிட்டு வந்து மானியம் கேட்க முடியாது. அரசு முன்கூட்டியே சோதித்து ஒப்புதல் கொடுத்த தீர்வுகளின் பட்டியல் இருக்கிறது. அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். இரண்டாவது, விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் முன்பணம்கூடக் கொடுத்திருக்கக் கூடாது, ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டிருக்கக் கூடாது. இந்த இடத்தில்தான் நிறையப் பேருக்கு மானியம் கைநழுவுகிறது. விற்பனை ஆள் கடைக்கு வருவார், இந்த மாத விலை அடுத்த மாதம் இருக்காது என்பார், நாமும் ஒரு சின்னத் தொகையைக் கொடுத்துவிடுவோம். முடிந்தது கதை. மூன்றாவது, நிறுவனம் இங்கே பதிவாகி இங்கேயே இயங்க வேண்டும், குறைந்தது 30 சதவீதப் பங்கு குடிமக்கள் அல்லது நிரந்தரவாசிகள் கையில் இருக்க வேண்டும். வாங்கும் பொருளையும் சிங்கப்பூரிலேயே பயன்படுத்த வேண்டும். எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜோகூரில் கிளைக் கடை வைத்திருப்பவர்கள் கவனிக்க.

பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். கல்லா மென்பொருள் மட்டுமே எக்கச்சக்கம். சிங்கப்பூர் இந்தியர் வர்த்தக தொழிற்சபை சிறு, நடுத்தர நிறுவனங்களுக்காக நடத்தும் எஸ்எம்இ நிலையத்தில் ஆலோசகரைப் பார்த்தேன். அங்கே ஆலோசனைக்குக் காசு இல்லை. அவர் எந்த நிறுவனத்தையும் கைகாட்டவில்லை. "உங்கள் கடையில் எந்த வேலை அதிக நேரம் தின்கிறது, அதை எழுதிக்கொண்டு வாங்க" என்றார். ஒரு தாளில் மூன்று வரி எழுதினேன்: விலை மாற்றுவது, மூட்டை பிரித்துப் பொட்டலம் போடும் சரக்கின் கணக்கு, சாப்பாட்டுக் கடைகளின் பற்று நோட்டு. அதற்கப்புறம் பேசிய ஒவ்வொரு விற்பனையாளரிடமும் அந்தத் தாளைத்தான் முதலில் நீட்டினேன். பாதிப் பேர் அதைப் படிக்காமலே உறுப்பினர் அட்டை, புள்ளிச் சலுகை என்று ஆரம்பித்தார்கள். அவர்களை அப்போதே விட்டுவிட்டேன்.

ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், நீங்கள் கட்டும் பாதியிலும் கொஞ்சத்தை வேறு வழியில் திருப்பித் தருகிறோம் என்றார். அப்படித் திருப்பித் தருவது விதிப்படி தப்பு. நிறுவனங்களுக்கு உதவும் அரசு அமைப்பான என்டர்பிரைஸ் சிங்கப்பூர் இதைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. சிங்பாஸை (அரசு இணையச் சேவைகளுக்கான நம் அடையாளக் கணக்கு) கொடுங்கள், விண்ணப்பத்தை நாங்களே போட்டுவிடுகிறோம் என்று சொல்பவர்களிடமும் அதே எச்சரிக்கை வேண்டும். விண்ணப்பம் நம் பெயரில் போகிறது, பொய் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் நாம்தான்.

விண்ணப்பம் எளிது, உண்மையாகவே. பிசினஸ் கிராண்ட்ஸ் போர்ட்டல் என்ற அரசின் மானிய இணையத்தளத்தில், நிறுவனங்களுக்கான நுழைவு வசதியான கார்ப்பாஸ் வழியாக நுழைந்து, தீர்வைத் தேர்ந்தெடுத்து, கொட்டேஷனை இணைத்து அனுப்ப வேண்டும். கொட்டேஷனில் இருக்கும் தொகுப்பு, ஒப்புதல் பெற்ற தொகுப்போடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் வரி வரியாகப் பாருங்கள். எங்களுக்கு வந்த கொட்டேஷனில் கூடுதலாக ஒரு ரசீது அச்சுப்பொறியைச் சேர்த்திருந்தார்கள். அது தொகுப்பில் இல்லை. அதைத் தனி பில்லாக மாற்றச் சொன்னேன். நான்கிலிருந்து ஆறு வாரத்தில் முடிவு தெரியும் என்று அறிவித்திருக்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் வந்தது. கடிதம் வந்ததும் போர்ட்டலில் ஏற்றுக்கொண்டு, அதற்குப் பிறகே பணம் கட்டினேன்.

இனிமேல்தான் உண்மையான வேலை.

கல்லாவுக்குள் பொருள் பட்டியலை ஏற்ற வேண்டும். பாக்கெட்டில் வரும் சரக்கு சுலபம். இந்தியாவில் பதிவான பார்கோடு 890-ல் தொடங்கும், மலேசியாவுடையது 955, இலங்கையுடையது 479. ஸ்கேன் செய்து, பெயரும் விலையும் கொடுத்தால் போதும். எங்கள் வியாபாரத்தின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. உளுந்து, துவரம் பருப்பு, கடலை, மல்லி, மிளகாய் எல்லாம் மூட்டையாக வந்து, பின்னால் உட்கார்ந்து அரைக் கிலோ, ஒரு கிலோ என்று நாங்களே கட்டுபவை. அவற்றுக்குப் பார்கோடு கிடையாது. தராசே லேபிளை அச்சடித்துக் கொடுக்கும். அந்தப் பார்கோடு 2 என்ற எண்ணில் தொடங்கும். கடைக்குள் மட்டும் பயன்படுத்துவதற்காக ஒதுக்கிய வரிசை அது. எங்கள் தராசில் மொத்தம் பதின்மூன்று இலக்கம். முதல் இரண்டு இந்த வரிசைக்கு, அடுத்த ஐந்து பொருளின் எண், அதற்கடுத்த ஐந்து விலை அல்லது எடை, கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம்.

அந்த "விலை அல்லது எடை"யில்தான் சிக்கல். நிறுவிக் கொடுத்த ஆட்கள் தராசை விலை அச்சடிக்கும்படி வைத்துவிட்டு, கல்லாவை எடை படிக்கும்படி வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு கிலோ உளுந்து 4.20 வெள்ளி. தராசு 00420 என்று அச்சடித்தது. கல்லா அதை 420 கிராம் என்று படித்து 1.76 வெள்ளி போட்டது. எங்கள் கல்லாவில் வருடக்கணக்காக நிற்கும் அக்கா தினமும் ஜோகூரிலிருந்து பாலம் தாண்டி வருபவர். பில்லைப் பார்த்ததும் கையை நிறுத்திவிட்டார். "தம்பி, இது உளுந்து விலையே இல்லையே." திரையில் வந்த எண்ணை விடத் தன் மனக்கணக்கை நம்பினார். அவர் இல்லையென்றால் அன்றைக்குப் பருப்பெல்லாம் பாதிக்கும் கீழான விலைக்குப் போயிருக்கும். நிறுவனத்தைக் கூப்பிட்டோம், அன்றே வந்து சரிசெய்தார்கள். நீங்கள் தராசோடு சேர்ந்த கல்லா வாங்குவதாக இருந்தால், ஆட்கள் கிளம்புவதற்கு முன்னால் ஒரு கிலோ, அரைக் கிலோ, நூறு கிராம் என்று எடை போட்டுப் பில் அடித்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும் கணக்கில் ஏற்றவும் தேவையில்லை. கறிவேப்பிலை, கொத்தமல்லி, வாழையிலை, உதிரிப் பூ இவற்றுக்கு ஒரு விலைப் பொத்தான் மட்டும் வைத்தோம். எத்தனை இலை மிச்சம் என்று கணினியிடம் கேட்க வேண்டியதில்லை, கண்ணால் பார்த்தாலே தெரியும். அப்பாதான் இதைச் சொன்னார். மறுபக்கம், நெய், அப்பளம், மசாலாப் பொடிக்குக் காலாவதித் தேதியோடு ஏற்ற வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவரும் அவரே. தீபாவளிக்கு முன்னால் எந்த மாவு எத்தனை மூட்டை போகும் என்று அவர் சொல்லச் சொல்ல நான் ஏற்றினேன். மானியத்தைப் பற்றிச் சந்தேகப்பட்ட மனிதர், இந்த வேலையில் என்னை விட ஆர்வமாக உட்கார்ந்திருந்தார்.

அக்காவுக்கு ஒரு பயம் இருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை. "லைன் போச்சுன்னா என்ன செய்றது தம்பி" என்று மட்டும் அடிக்கடி கேட்டார். இணையம் இல்லாமலும் கல்லா ஓடும், லைன் வந்ததும் கணக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று கேபிளைப் பிடுங்கியே காட்டினேன். பயிற்சி என்று நிறுவனம் கொடுத்தது ஓர் ஆளை ஒரு பிற்பகலுக்கு. வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது, திரும்பக் கொண்டுவந்த பொருளுக்கு எப்படிப் பில் போடுவது என்பதெல்லாம் அந்த ஒரு பிற்பகலில் வராது. அக்கா தனக்குப் புரியும்படி ஒரு சின்ன நோட்டில் படிப்படியாக எழுதி, கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். புதிதாகச் சேருபவர்களுக்கு இப்போதும் அந்த நோட்டுதான் பாடம்.

அப்புறம் மானியத்தைக் கேட்டு வாங்கும் கட்டம். பிஎஸ்ஜி முன்னால் கையில் கொடுக்கிற காசு இல்லை. முழுத் தொகையையும் நாம் கட்டி, பொருளை நிறுவி, பயன்படுத்திக் காட்டி, அதன் பிறகே திரும்பக் கேட்க வேண்டும். தொகுப்பு 10,000 வெள்ளி என்று வையுங்கள். 9 சதவீத வரியோடு 10,900 உங்கள் கணக்கிலிருந்து முதலில் போகும். திரும்பி வருவது 5,000. வரிக்கு மானியம் கிடையாது. ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்த கடையென்றால் அந்த 900-ஐக் காலாண்டுக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆண்டு விற்பனை பத்து லட்சம் வெள்ளியைத் தொடாத, பதிவு செய்யாத சின்னக் கடைக்கு அதுவும் கைச்செலவுதான். தீபாவளிச் சரக்குக்குப் பணம் போட வேண்டிய நேரத்தில் இதைத் தொடாதீர்கள். நாங்கள் அந்தப் பருவத்துக்கு முன்பே கட்டி முடித்துவிட்டோம்.

கேட்பதற்கு வேண்டியவை: பில், பணம் கட்டிய சான்று, பயன்படுத்துகிறோம் என்பதற்கான ஆதாரம். வங்கி வழியாகவே கட்டுங்கள், தடயம் இருக்கும். ஆதாரத்துக்கு, எங்கள் கடைப் பெயரும் தேதியும் தெரியும் விற்பனை அறிக்கையின் படத்தை வைத்தேன், கல்லா கடையில் இருக்கும் படத்தையும். கூடுதல் விளக்கம் ஒன்று கேட்டார்கள், கொடுத்தேன். பணம் நிறுவனக் கணக்குக்கு வந்துவிட்டது. அப்பா வங்கிச் செயலியைத் திறந்து தானே பார்த்துக்கொண்டார்.

இந்தத் திட்டம் நல்ல திட்டம், மனதார சொல்கிறேன். ஆனால் கருவிக்குத்தான் இது காசு கொடுக்கிறது. இரவெல்லாம் உட்கார்ந்து பொருள் பட்டியல் போட்ட உழைப்பும், ஆட்கள் பழகும் வரை மெதுவாக நகரும் வரிசையும் முழுக்கக் கடைக்காரர் பாடு. பெரிய நிறுவனத்தில் அதற்கென்று தனி ஆள் இருப்பார். எங்கள் கடையில் அதே மூன்று பேர்தான், வியாபாரத்தையும் பார்த்துக்கொண்டு. பட்டியல் போடும் அந்த முதல் சில வாரங்களுக்கு ஒரு பகுதிநேர உதவியாளரின் சம்பளத்தில் பாதியையாவது மானியத்தில் சேர்த்தால், வாங்கிய மென்பொருளைப் பாதியில் கைவிடும் கடைகள் குறையும் என்பது என் எண்ணம்.

இன்னொன்று, இரண்டாம் வருடச் சந்தா. எங்கள் தொகுப்பில் மானியம் முதல் பன்னிரண்டு மாதத்துக்குத்தான். அதற்கப்புறம் முழுச் சந்தாவும் நம்முடையது. கொட்டேஷன் வாங்கும்போதே இரண்டாம், மூன்றாம் வருட விலையை எழுத்தில் கேட்டு வாங்கினேன். நாங்கள் விலகினால் பொருள் பட்டியலையும் வாடிக்கையாளர் கணக்கையும் எந்த வடிவத்தில் எடுத்துத் தருவார்கள் என்பதையும் சேர்த்து. இப்போது முழுச் சந்தாவைக் கட்டித்தான் ஓட்டுகிறோம். சாப்பாட்டுக் கடைகளின் பாக்கி மாதக் கடைசியில் தானாகவே பட்டியலாக வருகிறது, காலாண்டு ஜிஎஸ்டி கணக்கு அறிக்கையிலிருந்தே எடுக்க முடிகிறது. அந்த இரண்டுக்கே சந்தா தகும்.