கியர் பாக்ஸை மாற்றச் சொன்னார்கள். முதலில் ஆயிலை மாற்றினேன்

எழுபது கிலோமீட்டர் வேகத்தில், ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடி சிறு மேட்டில் ஏறும்போது வண்டி உதறும். வரிவரியாகப் போட்ட வேகத்தடைமேல் ஓடுவதுபோல் சில நொடிகள் அதிர்ந்துவிட்டு அடங்கும். 'டி'யிலிருந்து 'ஆர்'க்கு மாற்றினால் பின்பக்கம் அடியில் 'டங்' என்று ஓர் ஓசை. ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி ஓடிய, பழையதாக வாங்கிய, நான்கு சக்கர இயக்கம் உள்ள டீசல் எஸ்யூவி. ஆறு கியர் ஆட்டோமேட்டிக். சர்வீஸ் நிலையத்தில் ஓட்டிப் பார்த்தார்கள், கணினியை இணைத்தார்கள். பிழைக் குறியீடு எதுவும் வரவில்லை. "கியர் பாக்ஸ் அசெம்ப்ளியையே மாற்ற வேண்டும் சார்" என்று சொல்லி எழுதித் தந்த தொகை நான்கு லட்சத்தைத் தாண்டியது. திறந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். பாக்ஸைத் திறக்கும் வழக்கம் இங்கே இல்லை, முழுதாக மாற்றுவதுதான் முறை என்றார் ஆலோசகர்.

பார்க்காமலே தீர்ப்புச் சொன்னதுதான் எனக்குக் கோபம். எஸ்யூவி வைத்திருக்கும் நண்பர்கள் பலரிடமும் இதே கதை இருக்கிறது. "நீங்கள் ஓட்டும் விதம் சரியில்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் இந்தப் பேச்சு நீதிமன்றம் வரை போனது. ஃபோர்டின் ஃபோக்கஸ், ஃபியஸ்டா, ஈக்கோஸ்போர்ட் வண்டிகளில் வந்த பவர்ஷிஃப்ட் இரட்டைக் கிளட்ச் பாக்ஸின் உதறலுக்கு ஓட்டுநரின் பழக்கமே காரணம் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லப்பட்டது. 2018இல் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் ஃபோர்டு நிறுவனத்துக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. நம் மறைமலைநகர்த் தொழிற்சாலையில் தயாரான ஈக்கோஸ்போர்ட்டை இங்கே ஓட்டியவர்களுக்கும் அந்த உதறல் புதிதல்ல.

என் வண்டியில் இருப்பது வேறு வகை. டார்க் கன்வெர்ட்டர் உள்ள பழைய பாணி ஆட்டோமேட்டிக். அதில் இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைப்பது ஆயில்தான். வேகம் நிலையானதும் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் பிடித்துக்கொண்டு இரண்டையும் நேராகப் பூட்டிவிடும். ஆயில் கெட்டுப்போனால் அந்தக் கிளட்ச் பிடித்தும் வழுக்கியும் மாறி மாறித் தடுமாறும். உதறல் அங்கிருந்து வருகிறதா, இன்ஜினிலிருந்தா, சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டிலிருந்தா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

கோவை சிங்காநல்லூரில் லாரி கியர் பாக்ஸ் பிரித்தே தலை நரைத்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் இதற்கு வழி சொன்னார். "தம்பி, உதறும்போது பிரேக்கை இடது காலால் தொட்டு மட்டும் பாருங்கள். அழுத்த வேண்டாம், பின்விளக்கு எரிந்தால் போதும்." பிரேக் சுவிட்ச் வேலை செய்த கணமே கணினி லாக்-அப்பை விடுவித்துவிடும். பின்னால் வண்டிகள் இல்லாத நேரம் பார்த்துப் புறவழிச்சாலையில் செய்தேன். பெடலைத் தொட்டதும் அதிர்வு அறுந்ததுபோல் நின்றது. காலை எடுத்ததும் திரும்ப வந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரும் அதையே காட்டியது. பூட்டிய நிலையில் இன்ஜின் சுற்றுக்கும் கன்வெர்ட்டரிலிருந்து கியர் பாக்ஸுக்குப் போகும் டர்பைன் சுற்றுக்கும் வேறுபாடு ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க வேண்டும். என் வண்டியில் அது எண்பது சுற்று வரை எகிறி எகிறி விழுந்தது.

அடுத்து ஆயில். "வாழ்நாள் ஆயில், மாற்றத் தேவையில்லை" என்று பலரும் சொல்வார்கள். யாருடைய வாழ்நாள் என்பதைச் சொல்ல மாட்டார்கள். ஆட்டோமேட்டிக் பாக்ஸ் தயாரிக்கும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே தன் பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது அதிகபட்சம் எட்டு ஆண்டுகளுக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. வெயில், நெரிசல், மலைப்பாதை மூன்றும் சேர்ந்த நம் ஊருக்கு அந்த வரம்பின் கீழ் எல்லைதான் பொருந்தும் என்பது என் எண்ணம்.

செய்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: ஆயில் ஊற்றும் மேல் போல்ட்டை முதலில் திறந்து, அது கழல்கிறது என்று உறுதி செய்த பிறகே அடிப் போல்ட்டைத் தொட வேண்டும். மேலே இறுகிக் கிடந்தால், உள்ளே இருந்ததை வடித்துவிட்டு ஊற்ற வழியில்லாமல் வண்டி ஸ்டாண்டிலேயே நிற்கும்.

வடிந்து வந்தது சிவப்பாக இல்லை, கருகிய பழுப்பு. முகர்ந்தால் தீய்ந்த வாடை. அடித்தட்டைக் கழற்றி, அதில் ஒட்டியிருந்த காந்தங்களை விரலால் வழித்துப் பார்த்தேன். கண் மை போன்ற சாம்பல் குழம்பு. இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்தால் நெருடவில்லை. அது இயல்பான தேய்மானம். கம்பிச் சிம்பு, பளபளக்கும் துணுக்கு கிடைத்திருந்தால் அங்கேயே நிறுத்தி, பாக்ஸைப் பிரிக்கக் கொடுத்திருப்பேன். அந்த நிலையில் புது ஆயில் ஊற்றுவது வீண். நான்கு லட்சம் கேட்கும் முன் யாராவது இந்தத் தட்டைக் கழற்றிப் பார்த்திருக்கலாம்.

புது ஃபில்டர், புது கேஸ்கெட், கையேட்டில் சொன்ன அதே ரக ஆயில். "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று கடையில் நீட்டிய டின்னை வாங்கவில்லை. லாக்-அப் கிளட்ச் எப்படிப் பிடிக்கும் என்பதே ஆயிலின் உராய்வுச் சேர்மானத்தில்தான் இருக்கிறது. கியர்களுக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் சிவிடி பாக்ஸ் உள்ளவர்கள் இதில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். அதற்கென்று தனி ஆயில் உண்டு.

அளவு பார்ப்பதுதான் நுட்பமான வேலை. வண்டி நான்கு பக்கமும் மட்டமாக நிற்க, இன்ஜின் ஓட, லீவரை ஒவ்வொரு நிலையிலும் சில நொடிகள் நிறுத்தி வர வேண்டும். பிறகு ஆயில் வெப்பம் கையேடு சொல்லும் எல்லைக்குள் இருக்கும்போது, மிகையான ஆயில் வழிந்துவிடும் அளவுப் போல்ட்டைத் திறக்க வேண்டும். என் பாக்ஸுக்கு 35 முதல் 45 டிகிரி. கோடையில் பகலில் ஆரம்பித்தால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லை கடந்துவிடும் என்பதால் விடியற்காலையில் செய்தேன். முதலில் கம்பியாக ஒழுகி, பிறகு இழையாகி, சொட்டுச் சொட்டாக மாறியதும் மூடிவிட்டேன்.

இப்படி வடித்தால் பாதி ஆயில்கூட வெளியே வராது. மிச்சம் கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். அதனால் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடியும் வடித்து நிரப்பினேன். முதல் மாற்றத்துக்குப் பிறகு உதறல் பாதியாகக் குறைந்தது. அடுத்ததற்குப் பிறகு, ஏசியோடு நான்கு பேர் ஏறிய வண்டியில் நீண்ட மேட்டில்கூட வரவில்லை. ஸ்கேனரில் வேறுபாடு பத்துச் சுற்றுக்குள் அடங்கியது.

'டங்' ஓசை போகவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து, பின்பக்க புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் திருகினால் கிராஸ், அதாவது ஷாஃப்டின் முனையில் வளைந்து கொடுக்கும் சிலுவை வடிவ இணைப்பு, ஆடியது. ஷாஃப்டைக் கழற்றும் முன், அதைப் பூட்டும் தட்டுகளான ஃப்ளாஞ்ச் இரண்டிலும் பெயின்ட் கோடு போட்டுக்கொண்டேன். பழைய இடத்திலேயே பூட்டாவிட்டால் புது அதிர்வு வரக்கூடும். கிராஸின் முனையை மூடும் கிண்ணத்தைத் தட்டி எடுத்தபோது கிரீஸ் இருந்த இடத்தில் துருப்பொடி. ஊசி உருளைகள் பதிந்து பதிந்து, கிராஸின் கையில் வரிசையாகப் பள்ளம் விழுந்திருந்தது. நகத்தை ஓட்டினால் ஒவ்வொரு வரியும் தட்டுப்படும். புது கிராஸை வைஸில் அழுத்திப் பூட்டி, நான்கு முனையிலும் பிதுங்கும்வரை கிரீஸ் கன்னால் அடித்தேன்.

முந்தைய உரிமையாளர் தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டே ஓட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். முன், பின் அச்சுகள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாத இந்த வகை வண்டியில் அது பெரிய கேடு. வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருள, சறுக்கி ஈடுகட்ட மண் இல்லாததால் முறுக்கம் முழுவதும் ஷாஃப்டிலும், முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் சங்கிலியிலும் ஏறும். மழையில் பாதுகாப்பு என்று நம்பி இதைச் செய்பவர்களை மலைப்பாதையில் நிறையப் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். சேற்றுக்கும் மணலுக்கும் மட்டும் போடுங்கள்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறிப் பார்த்துவிட்டேன். இரண்டாம் கியரில் கைமுறையாக நிறுத்தி ஏறினால் ஆயில் வெப்பம் நூறு டிகிரியைத் தொடவில்லை. இதுவரை ஆன செலவு, கருவிகள் நீங்கலாக, இருபதாயிரத்துக்குள்.

ஓசை முக்கால்வாசி போய்விட்டது. மிச்சம் பின் டிஃபரன்ஷியலில் கிரௌன், பினியன் என்ற இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியாக இருக்க வேண்டும். அதை அளக்க டயல் கேஜ் ஒன்று இரவல் கேட்டிருக்கிறேன். வந்ததும் பின்மூடியைத் திறந்து அளந்து, இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடான ஷிம் மாற்ற வேண்டுமா, பேரிங் மாற்ற வேண்டுமா என்று பார்த்து எழுதுகிறேன். அதற்கு முன் பழைய உதிரிபாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் இதே வண்டியின் டிஃபரன்ஷியல் கிடைக்குமா என்று விசாரித்து வைக்கப்போகிறேன்.